ஒத்தையடிப் பாதைக்கு எந்த வண்டி வாங்கலாம்?

போன டிசம்பர் லீவ்ல நாங்க நாலு பேர் ஏற்காடு போயிருந்தோம். கிளாஸ்மேட் ஒருத்தனோட தாத்தாவுக்கு அங்க ஒரு காபித் தோட்டம் இருக்கு. தோட்டத்துக்குள்ள வண்டி ஓட்டிப் பார்க்க தாத்தாகிட்ட அனுமதியும் வாங்கியாச்சு. நான் எடுத்துட்டுப் போனது என் அத்தை பையனோட அட்வென்ச்சர் பைக். எடை கிட்டத்தட்ட 200 கிலோ. சேலத்துல இருந்து 20 கொண்டை ஊசி வளைவையும் அது அசால்ட்டா ஏறி வந்துச்சு. அந்தத் தைரியத்துல நேரா தோட்டத்துக்குள்ள விட்டேன்.

உள்ளே இருந்தது ரோடு இல்லை, ஒத்தையடிப் பாதை. ஒரு பக்கம் காபிச் செடி, இன்னொரு பக்கம் சரிவு. ஈரமான சில்வர் ஓக் இலை மேல ஒரு மேட்டு வளைவு. வேகம் பத்து கிலோமீட்டர்கூட இருக்காது. முன்சக்கரம் லேசா வழுக்கிச்சு, இடது காலை ஊன்றினேன். கால் வெச்ச இடத்துல தரையே இல்லை. வண்டி சரிவுப் பக்கமா சாய்ஞ்சு என் கணுக்கால் மேல படுத்துடுச்சு. அசைக்க முடியலை. போன்ல டவர் இல்லை. கூட வந்தவங்க முன்னாடி போயிட்டாங்க.

கால் மணி நேரம் கழிச்சு ஒரு அண்ணன் டிவிஎஸ் எக்ஸ்எல்-ல காபிப் பழ மூட்டையோட வந்தார். திரும்பி வந்த என் ஃப்ரெண்டும் அவரும் சேர்ந்துதான் வண்டியைத் தூக்கினாங்க. "இதை எதுக்குப்பா இங்க கொண்டாந்தே? இது ரோட்டு வண்டி"ன்னு சொல்லிட்டு, அதே வளைவுல மூட்டையோட ஏறிப் போயிட்டார். எனக்கு மூணு வாரம் கால்ல கிரேப் பேண்டேஜ்.

பேண்டேஜோட உட்கார்ந்திருந்த நாள்ல ஒரு கேள்வி மட்டும் மனசுல ஓடிச்சு. 40 பிஎஸ் வண்டியால முடியாததை எக்ஸ்எல் எப்படி செஞ்சுச்சு? அந்தச் சமயத்துல நானே ஒரு வண்டி வாங்கத்தான் இன்டர்ன்ஷிப் காசைச் சேர்த்துட்டு இருந்தேன். அப்பா மீதியைப் போடுறேன்னு சொன்னார், ஒரு கண்டிஷனோட: "ஒரே வண்டிதான். அதுலதான் வேலைக்கும் போகணும்." அதாவது காட்டுப் பாதையிலயும் போகணும், போலீஸ் நிறுத்தினா பேப்பரும் காட்டணும். உங்கள்ல யாருக்காவது இதே ஆசை இருந்தா, நான் ஆறு மாசம் அலைஞ்சு கத்துக்கிட்டதை இங்க வரிசையா சொல்றேன்.

முதல்ல பவர் கணக்கு

ஸ்பெக் ஷீட்டைத் திறந்ததும் நம்ம கண்ணு போறது பிஎஸ் மேலதான். ஒத்தையடிப் பாதைக்கு உண்மையில எவ்வளவு வேணும்? முதல் செமஸ்டர் மெக்கானிக்ஸ் போதும், போட்டுப் பார்த்துடலாம்.

வண்டி 158 கிலோ, ஹெல்மெட் பூட்ஸோட நான் 70 கிலோ. மொத்தம் 228. பாதை நாலு மீட்டர் போறதுக்குள்ள ஒரு மீட்டர் ஏறுதுன்னு வெச்சுக்கலாம். இது நல்ல செங்குத்து. ஏற்றத்துக்கு எதிரா வேண்டிய விசை 228 × 9.81 × 0.24, அதாவது சுமார் 540 நியூட்டன். இளகின மண்ணோட உருளல் தடைக்கு எடையில பத்துல ஒரு பங்குன்னு எடுத்தா இன்னொரு 220. ஆக 760 நியூட்டன். வேகம் மணிக்கு 15 கிலோமீட்டர்னா நொடிக்கு 4.2 மீட்டர். ரெண்டையும் பெருக்கினா சுமார் 3,190 வாட். குதிரைத்திறன்ல மாத்தினா 4.3.

அவ்வளவுதான்! செயின்ல, கியர்ல போற நஷ்டத்தைச் சேர்த்தாலும் ஆறைத் தாண்டாது. எக்ஸ்எல் 100 எஞ்சின் தர்றதே 4.3 பிஎஸ் பக்கம்தான். வண்டி எடை சுமார் 90 கிலோ. அண்ணனையும் மூட்டையையும் சேர்த்தாலும் மொத்தம் என்னைவிடக் குறைவு, அவர் போனதும் மெதுவா. கணக்கு கச்சிதமா பொருந்துது.

குழியில இருந்து வெளியே வர, வேர் மேல ஏற, திடீர்னு கொஞ்சம் வேகம் வேணும். அதுக்கும் சேர்த்து 15 முதல் 20 பிஎஸ் இருந்தா தாராளம். அதுக்கு மேல உள்ளதெல்லாம் ஹைவேக்கு வாங்குறது, பாதைக்கு இல்லை. ஹைவேயும் முக்கியம்னா வாங்குங்க. எதுக்காகக் காசு கொடுக்கிறோம்னு தெரிஞ்சு வாங்குங்க.

தூக்குற கணக்கு

இந்தக் கணக்கு எந்த ஸ்பெக் ஷீட்லயும் வராது. என்னைக் கேட்டா இதுதான் முதல்ல பார்க்க வேண்டியது. ஒத்தையடிப் பாதையில "விழுந்தா" கிடையாது, "விழும்போது"தான். புதுசா ஓட்டுறவங்க ஒரு காலையில அஞ்சு தடவை விழுறது சாதாரணம்.

படுத்துக்கிடக்கிற வண்டியை ஒரு நெம்புகோலா நினைச்சுக்கங்க. தரையில டயர் தொடுற கோடுதான் அச்சு. எடை மையம் அந்தக் கோட்டுல இருந்து சுமார் 55 சென்டிமீட்டர்ல இருக்கு, நம்ம பிடிக்கிற ஹேண்டில்பார் சுமார் 110-ல. அதனால ஆரம்பத்துல நமக்கு வர்ற சுமை வண்டி எடையில கிட்டத்தட்ட பாதி. நிமிர நிமிரக் குறையும்.

200 கிலோ வண்டின்னா முதல் இழுப்பு 100 கிலோ. 160 கிலோ வண்டின்னா 80. 140 கிலோ வண்டின்னா 70. சமதரையில இந்தக் கணக்கு. சரிவுப் பக்கமா தலைகீழா விழுந்தா இன்னும் மோசம். ஜிம்முக்குப் போறவங்க 100 கிலோவை ஒரு தடவை தூக்கிடுவாங்க. அஞ்சாவது தடவை, வெயில்ல, பூட்ஸ் வழுக்குற மண்ல? களைப்புதான் அடுத்த விழுதலுக்குக் காரணம்.

அதனால என் முதல் விதி: தனியா தூக்க முடியாத வண்டியை வாங்காதீங்க.

எடையைப் பார்க்கும்போது ஒரு ஏமாத்து வேலையையும் கவனிங்க. சில இடத்துல "டிரை வெயிட்" போடுவாங்க, அதாவது பெட்ரோல் இல்லாத எடை. நமக்கு வேண்டியது "கெர்ப் வெயிட்", எல்லாம் நிரப்பி ஓட்டத் தயாரா இருக்கிற எடை. பெட்ரோல் லிட்டருக்கு முக்கால் கிலோ பக்கம் வரும். 13 லிட்டர் டேங்க் நிறைஞ்சா பத்து கிலோ, அதுவும் வண்டியோட உச்சியில. பாதைக்குப் போறப்போ பாதி டேங்க் போதும்னா பாதியே போடுங்க, காசில்லாம எடை குறையும்.

கால் எட்டுதா?

நான் விழுந்ததுக்கு எடை மட்டும் காரணம் இல்லை. கால் எட்டலை. சீட் உயரம் 825 மில்லிமீட்டர்னு போட்டிருந்தா அது ஆள் உட்காராத உயரம். உட்கார்ந்ததும் சஸ்பென்ஷன் இறங்கும். மண்ணுல ஓட்டுற வண்டிக்கு பின்பக்க டிராவல்ல மூணுல ஒரு பங்கு ஆள் எடைக்கு இறங்கணும்ங்கிறது பொதுவான செட்டிங். 170 மி.மீ. டிராவல்னா 55 மி.மீ. பக்கம் இறங்கும். 250 மி.மீ. டிராவல்னா 80 தாண்டி இறங்கும். அதனால 880 மி.மீ. சீட்டைப் பார்த்து உடனே பயப்பட வேண்டாம். நேர்ல உட்கார்ந்து பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

எப்படிப் பார்க்கணும்? பூட்ஸ் போட்டுக்கிட்டு உட்காருங்க. ரெண்டு காலோட முன்பாதமும் தரையில படணும், இல்லைன்னா இடுப்பை நகர்த்தினா ஒரு கால் முழுசா ஊன்றணும். அப்புறம் ஒரு செங்கல் உயரத்துக்கு தரை கீழே இருந்தா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. பாதையில சரிவுப் பக்கம் எப்பவும் அப்படித்தான் இருக்கும். சீட் அகலமா இருந்தா தொடை விரிஞ்சு, கால் இன்னும் எட்டாது. மெல்லிசான சீட் உள்ள உயரமான வண்டி, அகலமான சீட் உள்ள குள்ள வண்டியைவிட வசதியா இருக்கும். இது உட்கார்ந்து பார்த்தா மட்டுமே தெரியும்.

முன்சக்கரம் 21 இஞ்ச் எதுக்கு?

17 இஞ்ச் சக்கரம் போட்ட ரோட்டு பைக்குல முழங்கால் பக்கத்துல கொஞ்சம் பிளாஸ்டிக் ஒட்டி "அட்வென்ச்சர்"னு விக்கிறாங்க. வித்தியாசம் என்னன்னு கணக்குல பார்க்கலாம். 90/90-21 டயரோட மொத்த ஆரம் சுமார் 348 மி.மீ. 110/70-17 டயரோடது சுமார் 293. எதிர்ல 100 மி.மீ. உயரக் கல். மெதுவா போய் முட்டி நின்னு ஏறணும்னா, 21 இஞ்ச் சக்கரத்துக்கு வேண்டிய தள்ளு விசையைவிட 17 இஞ்சுக்கு சுமார் 16 சதவீதம் அதிகம் வேணும். கல்லு பெரிசாக ஆக இந்த வித்தியாசம் கூடும். ஓட்டுறவனுக்கு இது கையில வர்ற அடியா தெரியும்.

அதனால முன்னாடி 21, பின்னாடி 18, ரெண்டும் ஸ்போக் வீல். அலாய் வீல் கல்லுல மோதினா விரிசல் விடலாம். ஸ்போக் வளைஞ்சா நிமிர்த்தலாம். ஆனா இந்த வகை வண்டியில பெரும்பாலும் டியூப் டயர்தான், பஞ்சர் கிட்டும் கைப்பம்பும் கூடவே இருக்கணும். மண்ணுல காத்தைக் கொஞ்சம் குறைச்சா பிடிப்பு கூடும். ரொம்பக் குறைச்சா ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவுல டியூப் நசுங்கிடும். திரும்ப ரோட்டுக்கு வந்ததும் கம்பெனி சொன்ன அளவுக்கு அடிச்சிடுங்க.

சஸ்பென்ஷன் டிராவல் ரெண்டு பக்கமும் 170 மி.மீ.க்கு மேல, கிரவுண்ட் கிளியரன்ஸ் 220-க்கு மேல, எஞ்சினுக்கு அடியில உலோகக் கவசம். ஒத்தையடிப் பாதைக்கு இது போதும்.

கியர் உங்க கையில

குறுகலான பாதையில நாம இருக்கிறது முதல் கியர்லயும் ரெண்டாவதுலயும்தான். முதல் கியர் ரொம்ப வேகமா இருந்தா கிளட்சைப் பாதி பிடிச்சே ஓட்டணும். கிளட்ச் பிளேட் தேயும், கையும் வலிக்கும். இதுக்குச் செலவு குறைஞ்ச தீர்வு முன் ஸ்பராக்கெட். 13 பல்லு இருக்கிற இடத்துல 12 போட்டா, சக்கரத்துல கிடைக்கிற டார்க் 13/12 மடங்கு, அதாவது சுமார் 8 சதவீதம் கூடும். ஹைவேயில அதே வேகத்துக்கு எஞ்சின் 8 சதவீதம் வேகமா சுத்தும், அவ்வளவுதான் நஷ்டம்.

பேப்பர் இல்லாத வண்டி வேண்டாம்

இதுலதான் நிறைய பேர் மாட்டிக்கிறாங்க. "ப்ரோ, ஒரிஜினல் டர்ட் பைக், 110 கிலோதான், பாதி விலை"ன்னு யாராவது வருவாங்க. ரேஸ் டிராக்குக்குன்னு செஞ்ச வண்டிக்கு ரெஜிஸ்ட்ரேஷன் கிடையாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ல பிரிவு 39 படி, ரெஜிஸ்டர் பண்ணாத வண்டியைப் பொது இடத்துல ஓட்டவே கூடாது. ஹெட்லைட்டும் நம்பர் பிளேட்டும் நீங்களே மாட்டினா அது ரோட்டு வண்டி ஆயிடாது. 125 சிசிக்கு மேல ஏபிஎஸ், 2020 ஏப்ரலுக்குப் பிறகு பிஎஸ்6, பின்சக்கரத்துக்குச் சேலை கார்டு வரைக்கும் எல்லாத்துக்கும் சோதனை முடிச்சு ஒப்புதல் வாங்கின மாடலுக்குத்தான் ஆர்.சி. கிடைக்கும்.

இன்னொரு கூட்டம் பழைய ஸ்ப்ளெண்டரை வெட்டி ஒட்டி டர்ட் பைக் ஆக்கித் தருவாங்க. பிரிவு 52 படி ஆர்.சி.யில இருக்கிற விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாது. பிடிச்சா ஃபைன் மட்டும் பிரச்சினை இல்லை. அந்த வண்டியில ஆக்சிடென்ட் ஆனா இன்சூரன்ஸ் கம்பெனி கிளைமை மறுக்க நீங்களே காரணம் கொடுத்த மாதிரி ஆயிடும். எதிர்ல அடிபட்டவங்களுக்கு உங்க வீட்டுல இருந்து காசு கட்ட வேண்டி வரலாம்.

பேப்பர் சரியா இருக்கிறதால எங்க வேணாலும் போகலாம்னும் இல்லை. "காப்புக்காடு"ன்னு போர்டு இருந்தா வனத்துறை அனுமதி இல்லாம உள்ளே போறது குற்றம். தோட்டம்னா உரிமையாளர்கிட்ட கேளுங்க. விதைச்ச வயல், ஏரிக்கரை மேல ஏத்தாதீங்க. சைலன்சரைக் கழட்டிட்டுப் போய் ஒரு ஊரையே எரிச்சல்படுத்தினா, அடுத்து வர்றவனுக்கு அந்தப் பாதை மூடிடும்.

நம்ம ஊர்ல என்ன இருக்கு?

எடை வரிசையில சொல்றேன். மாடல் வருஷத்தைப் பொறுத்து ஒண்ணு ரெண்டு கிலோ மாறும்.

ஹீரோ இம்பல்ஸ்: 2011-ல வந்த 150 சிசி வண்டி, 134 கிலோ. உற்பத்தி எப்பவோ நின்னுடுச்சு. பாடி பார்ட்ஸ் தேடி அலையத் தயாரா இருந்தா, பழைய வண்டியா நல்லது கிடைச்சா மட்டும்.

கவாசாகி கேஎல்எக்ஸ் 230: 139 கிலோ, 233 சிசி, முன்னாடி 240, பின்னாடி 250 மி.மீ. டிராவல். ஒத்தையடிப் பாதைக்குன்னே செஞ்ச மாதிரி. சீட் 880 மி.மீ. டேங்க் 7.6 லிட்டர்தான், லிட்டருக்கு 30 கிலோமீட்டர் கொடுத்தாலும் 230-க்கு முன்னாடியே பங்க் தேடணும். உங்க ஊர்ல இருந்து சர்வீஸ் சென்டர் எவ்வளவு தூரம்னும் பாருங்க.

ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி: 2021-ல வந்தது. சுமார் 158 கிலோ, 19.1 பிஎஸ், சீட் 825, டிராவல் 190-க்கு 170, டேங்க் 13 லிட்டர். சின்ன ஊர்லகூட மெக்கானிக்குக்குத் தெரிஞ்ச வண்டி. இதுலயே புரோ மாடல் 250-க்கு 220 டிராவலோட வருது, ஆனா சீட் 891 மி.மீ.

ஹீரோ எக்ஸ்பல்ஸ் 210: 2025-ல வந்தது. சுமார் 170 கிலோ, 24.6 பிஎஸ், லிக்விட் கூலிங். ஹைவேயில 200-ஐவிட வசதி, அந்த வசதிக்கு விலை பத்து கிலோவுக்கு மேல எடை.

கேடிஎம் 390 எண்டூரோ ஆர்: 177 கிலோ, 46 பிஎஸ், சீட் 860. நல்லா ஓட்டத் தெரிஞ்சவங்க கையில அருமையான வண்டி. முதல் மண் வண்டியா எடுத்தா ஆக்சிலரேட்டரே உங்களைத் தள்ளிவிடும்.

ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450: 196 கிலோ, 40 பிஎஸ். லடாக் வரைக்கும் லக்கேஜோட போற வண்டி. அது வேற வேலை, அந்த வேலைக்கு நல்ல வண்டி.

செகண்ட் ஹேண்ட்ல என்ன பார்க்கணும்?

முன் ஃபோர்க் குழாய்ல எண்ணெய்க் கசிவு இருக்கா பாருங்க. முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெதுவா திருப்புங்க, நடுவுல தட்டி நின்னா கோன் செட் போச்சு. ஒவ்வொரு ஸ்போக்கையும் ஸ்பேனரால தட்டுங்க, சத்தம் மாறுறது லூஸ். எஞ்சின் அடிக் கவசத்தைக் கழட்டச் சொல்லி உள்ளே பாருங்க. கவசம் நசுங்கியிருந்தா பரவாயில்லை, எஞ்சின் கேஸ்ல அடி இருந்தா விட்டுடுங்க. ஃபிரேம் வெல்டிங்ல புது பெயின்ட் இருந்தா ஏன்னு கேளுங்க. சேஸிஸ் நம்பர், எஞ்சின் நம்பர் ரெண்டையும் ஆர்.சி.யோட ஒப்பிடுங்க. பெயர் மாத்த ஃபார்ம் 29, 30. லோன் இருந்த வண்டின்னா ஃபார்ம் 35-ம் பேங்க் என்ஓசியும் கையில வந்த பிறகுதான் முழுக் காசு.

ஒண்ணு மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கிறேன். பட்ஜெட்டை முழுசா வண்டியில போடாதீங்க. நல்ல ஹெல்மெட், கணுக்காலை மூடுற பூட்ஸ், முழங்கால் கார்டு, கிளவுஸ், இதுக்கு முதல்ல எடுத்து வெச்சுட்டு மீதிக்கு வண்டி பாருங்க. அன்னைக்கு நான் போட்டிருந்தது கேன்வாஸ் ஷூ.

நான் எதை வாங்கினேன்?

மனசு கேஎல்எக்ஸ் கேட்டுச்சு. ஆனா என் உயரம் 168 சென்டிமீட்டர், வேலைக்குப் போக வர தினமும் 40 கிலோமீட்டர், பக்கத்துலயே சர்வீஸ் வேணும். 2022 மாடல் எக்ஸ்பல்ஸ் 200 4வி ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல பார்த்தேன். வித்தவர்கிட்ட ஒரு பழைய சாக்கை விரிச்சு, "அண்ணா, வண்டியை இதுல ஒரு தடவை படுக்க வெச்சுத் தூக்கிப் பார்க்கலாமா?"ன்னு கேட்டேன். அவர் என்னை மேலயும் கீழயும் பார்த்தார். ரோட்டுல போன ஆளும் நின்னு பார்த்தார். பரவாயில்லை. ஹேண்டிலை முழுசா திருப்பி, முதுகை நேரா வெச்சு, கால் பலத்துல தூக்கினேன். முதல் தடவை வந்துச்சு. ரெண்டாவது தடவை வந்துச்சு. மூணாவது தடவை மூச்சு வாங்கிச்சு, ஆனா வந்துச்சு. அதுக்கப்புறம்தான் விலையே பேசினோம்.

போன மாசம் மறுபடியும் அதே தோட்டம், அதே வளைவு. சொன்னா நம்புவீங்களான்னு தெரியலை, அங்கேயே மறுபடியும் விழுந்தேன். இந்தத் தடவை பூட்ஸ் இருந்துச்சு, பின்னாடியே ஃப்ரெண்டும் வந்தான். கில் ஸ்விட்ச்சை அணைச்சேன், கியர்ல போட்டேன், தூக்கினேன், ஏறினேன். அவன் வண்டியை விட்டு இறங்கவே இல்லை.

அட்வான்ஸ் கொடுக்கிற அன்னைக்கு ஒரு சாக்கு எடுத்துட்டுப் போங்க. ஷோரூம் வண்டியைப் படுக்க வைக்க விட மாட்டாங்க. அதே மாடல் வெச்சிருக்கிற யாரையாவது பிடிங்க, டீ வாங்கிக் கொடுங்க, தூக்கிப் பாருங்க. வந்துச்சுன்னா அதுதான் உங்க வண்டி.